அடுக்கைப் பிரித்துப் பார்த்த அக்கா

அந்தமானில், போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் நாங்கள் குடியிருந்தபோது சாயங்காலங்களில் மாடியில் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்கிற பிள்ளைகள். மேலே தகரக் கூரை. மழை வந்துவிட்டால் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பாடம் நடத்த வேண்டும். அப்படி ஒரு மழை நாளில் அந்த அக்கா குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். யாரோ ஒரு பிள்ளையின் அம்மா, கூட்டிப் போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பின் வரிசையில் இருந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க நடத்துங்க டீச்சர். நானும் பத்தாவது எழுதணும்" என்றார்.

நாற்பதைத் தாண்டியவர். நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலையில் இடிக்காமல் இருக்கக் குனிந்து குனிந்து பழகி, வெட்டவெளியிலும் லேசாகக் குனிந்தே நடப்பார். சிப்பிகாட் என்ற இடத்தில் ஓர் அரசுப் பண்ணையில் டி.ஆர்.எம்., அதாவது தினக்கூலி. மிளகுக் கொடியும் கிராம்பு நாற்றும் கட்டிக் கட்டி அவர் புடவையிலும் கையிலும் எப்போதும் கிராம்பு வாசனை அடிக்கும். பத்தாவது பாஸ் செய்தால் வேலையை நிரந்தரம் செய்ய வாய்ப்பு உண்டு என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். ஏழாவதோடு நின்றவர் அவர். தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கான திட்டத்தில் பணம் கட்டிவிட்டு நேராக என்னிடம் வந்திருந்தார்.

அன்று அடுக்குகள் நடத்திக்கொண்டிருந்தேன். அடிமானம் ஒன்றாக இருந்தால், பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும். பலகையில் எழுதிப் பிள்ளைகளையும் உரக்கச் சொல்ல வைத்தேன். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பெருக்கல்னுதானே போட்டிருக்கு. பெறகு எதுக்குக் கூட்டணும்? மத்லப்?"

மத்லப் என்றால் ஹிந்தியில் 'அர்த்தம்'. 'அப்படியென்றால்?' என்று கேட்கவும் அதே வார்த்தைதான். பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று பல ஜனங்கள் கலந்து வாழ்கிற ஊர் போர்ட் பிளேர். கடைத்தெருவில் எல்லாருக்கும் பொது பாஷை ஹிந்தி. அதிலிருந்து அக்கா தனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான் என்று தோன்றும். அது ரூல் அக்கா, மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். ரூலை யார் போட்டார்கள் என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல், மூன்றின் அடுக்கு இரண்டை மூன்று பெருக்கல் மூன்று என்றும், மூன்றின் அடுக்கு நான்கை நான்கு மூன்றுகளாகவும் பிரித்து எழுதிக் காட்டினேன். அவர் எழுந்து வந்து பலகையில் விரலை வைத்து ஒவ்வொரு மூன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"ஓ. எல்லாம் ஒரே வரிசையில நிக்குதுங்க. எத்தன பேரு நிக்கிறாங்கன்னு எண்ணுறோம். அதுக்குத்தான் கூட்டலா" என்றார். பிறகு திரும்பிப் போகும்போது, "இத மொதல்லயே பிரிச்சுச் சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரத்துக்குள் பிள்ளைகள் அவருக்கு 'மத்லப் ஆன்ட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவருடைய நிஜப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எதற்காக எழுதினேன் என்று அவருக்குப் பிரித்துச் சொல்ல வேண்டி வரும்.

மடித்து வைத்த பேச்சு எதுவானாலும் அவருக்குப் பிடிக்காது. கேஸ் ஏஜென்சியில் "சப்ளை ப்ராப்ளம்" என்றால் எல்லாரும் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு திரும்பிவிடுவோம். அவர் மட்டும் நின்று கேட்பார். கப்பல் வரவில்லையா, வந்தும் இறக்கவில்லையா, இறக்கியும் லாரி கிடைக்கவில்லையா? கவுன்டரில் இருப்பவர் எரிச்சலோடு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லுவார். கடைசியில், வெள்ளிக்கிழமை வந்தால் கிடைக்கும் என்ற விவரம் எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவரோடு வெளியே போவதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். போகாமல் இருந்தால் விவரம் ஒன்றும் தெரியாது.

ஒருமுறை என் கணவருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "மெயின்லேண்டுக்கு ரெஃபர் பண்றேன்" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தீவுக்காரர்களுக்கு அந்த வார்த்தை போதும். ரெஃபர் என்றால் முடிந்தது என்றுதான் அர்த்தம் செய்துகொள்வார்கள். என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சி கொண்டு வந்திருந்த அக்கா தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு டாக்டர் பின்னாலேயே போனார். தாழ்வாரத்தில் அவர் குரல் கேட்டது. "டாக்டர் ஸாப், ரெஃபர், மத்லப்? இங்க செய்ய ஏலாதது என்ன?"

டாக்டர் முதலில் கடுப்பாகித்தான் போனார். ஆனால் நல்ல மனிதர். எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஒரு காகிதத்தில் இருதயத்தை வரைந்து, எந்தக் குழாய் சுருங்கியிருக்கிறது, அதைத் திறக்கிற மெஷின் இங்கே ஏன் இல்லை, விமானம் ஏறும்வரை என்ன மாத்திரை கொடுத்தால் பயமில்லை என்று ஒன்றொன்றாகச் சொன்னார். அக்கா அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு போய் என் கணவரிடம் காட்டி, அதே வரிசையில் திருப்பிச் சொன்னார். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். சென்னைக்குப் போய், குழாயைத் திறந்து, நல்லபடியாகத் திரும்பி வந்தோம்.

இதே குணம்தான் பரீட்சையில் அவரைக் கவிழ்த்தது. முதல் தடவை எழுதப் போனபோது நான் சென்டர் வாசலில் காத்திருந்தேன். வெளியே வரும்போது முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா எழுதுனீங்களா அக்கா?"

"மூணு கணக்குப் போட்டேன் டீச்சர். மூணும் கரெக்ட்டு."

எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. கொடுத்த நேரம் முழுவதும் எல்லா அடுக்குகளையும் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார். ஏழின் அடுக்கு பன்னிரண்டு என்று இருந்தால் பன்னிரண்டு ஏழுகளையும் எழுதி, ஒவ்வொன்றாக அடித்து, மீதியை எண்ணியிருக்கிறார். ரிசல்ட் எப்படி வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். ஆயிரம் பேர் சரிபார்த்த விஷயத்தை நம்பி எழுதிவிட்டுப் போவதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடல் ஓரமாகப் பஸ் திரும்பிய பிறகு பேச ஆரம்பித்தார். அன்றுதான் அவருடைய கதை எனக்குத் தெரிந்தது.

அவருடைய தாய் தகப்பன் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ரப்பர் தோட்ட வேலைக்கென்று நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவில் கொண்டு வந்து குடியேற்றினார்கள். அக்கா வளர்ந்தது, மரத்தில் பால் வெட்டப் பழகியது, கல்யாணம் செய்தது எல்லாம் அங்கேதான். சுனாமி வந்த சமயத்தில் கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கப்பலேறி போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். புருஷன் கச்சாலில் இருந்தார். பிறகு முகாமில் நாள்கணக்காக உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அவரைப் பற்றி விசாரித்திருக்கிறார். எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை. மிஸ்ஸிங்.

"மிஸ்ஸிங்னா என்ன சார், செத்துட்டாரா, தேடுறீங்களா, யாராச்சும் பாத்தாங்களான்னு கேட்டேன். 'சப் தீக் ஹோ ஜாயேகா'ன்னு முதுகுல தட்டிட்டுப் போனாங்க. எல்லாம் சரியாயிருமாம். என்ன சரியாகும்? பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தரு தப்பிச்சு வந்தாரு. கடைசி வரைக்கும் எங்க வீட்டுக்காரரு கூட இருந்தவரு அவருதான்னு சொன்னாங்க. அவருகிட்டயும் கேட்டேன். 'கஷ்டப்படலம்மா'ன்னு ஒத்த சொல்லு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் என்னப் பாத்தாலே வேற பக்கம் நடப்பாரு."

பஸ் டெய்ரி ஃபார்ம் வந்துவிட்டது. இறங்கும்போது சொன்னார்: "அன்னையிலேருந்து மூடி வச்ச பேச்சு எதுவும் எனக்கு ஒத்துக்கிறதில்ல டீச்சர். வேணும்னு செய்யல."

அப்போதுவரை கச்சாலுக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. நாற்றுப் பண்ணை வேலையைப் பிடித்துக்கொண்டு, மகள் ரேவதியைத் தனியாக வளர்த்துப் படிக்க வைத்து, அபர்தீன் பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்கும் சேர்த்துவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் அவரை அவசரப்படுத்தவில்லை. அடுத்த பரீட்சைக்கு நாளும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மட்டும் வரச் சொல்லி, இரண்டின் அடுக்கு ஐம்பதை இரண்டின் அடுக்கு நாற்பத்தேழால் வகுக்கச் சொன்னேன். அவர் வழக்கம்போல் பழைய காலண்டர் தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தார். மேலே ஐம்பது இரண்டுகள், கீழே நாற்பத்தேழு. நான் அதற்குள் இட்லிக்கு அரைத்து முடித்துவிட்டேன். வந்து பார்த்தபோது தாள் முழுக்க இரண்டாக இருந்தது. ஜோடி ஜோடியாக அடித்துக்கொண்டே வந்து கடைசியில் நிமிர்ந்தார்.

"மூணு ரெண்டு நிக்குது. எட்டு." பிறகு தாளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஐம்பதுல நாப்பத்தேழு போனா மூணு. இத இம்புட்டு எழுதாமயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அதைத்தான் நான் மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருதரம் திறந்து பார்த்தாயிற்று, இனிமேல் திறக்காமலே நம்பலாம் என்றார். சொன்னபடி அன்றிலிருந்து வேகம் பிடித்துவிட்டார். முக்கியமாக, விடுபட்ட காரணியைக் கண்டுபிடிக்கிற கணக்கு என்றால் அவருக்கு உயிர். ஐந்தின் அடுக்கு மூன்றை எதனால் பெருக்கினால் ஐந்தின் அடுக்கு எட்டு கிடைக்கும்? நடுவில் ஒரு காலிக் கட்டம் இருக்கும். பிள்ளைகள் யோசிப்பதற்குள் கட்டத்தில் ஐந்தின் அடுக்கு ஐந்து என்று எழுதிவிடுவார். எக்ஸ், ஒய் என்று எழுத்துகள் கலந்து வந்தாலும் அசரமாட்டார். எக்ஸ் எத்தனை குறைகிறது, ஒய் எத்தனை குறைகிறது என்று தனித்தனியாகப் பார்த்து நிரப்புவார்.

"இந்தக் கணக்குத்தான் டீச்சர் எனக்குப் புடிச்சது" என்றார் ஒருநாள். "எது இல்லைன்னும் தெரியுது, எவ்வளவு இல்லைன்னும் கண்டுபுடிச்சிரலாம்."

ஆனால் ஒரே ஓர் இடத்தில் மறுபடி வண்டி நின்றது. பூஜ்யம் தவிர எந்த எண்ணின் அடுக்கு பூஜ்யமாக இருந்தாலும் விடை ஒன்று. இதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒம்பதுங்கிற ஆளே இங்க இல்லைன்னு சொல்றீங்க. பெறகு ஒன்னு எங்கேருந்து வந்துச்சு?" என்றார். மூன்று ஒன்பதை மூன்று ஒன்பதால் வகுத்துக் காட்டினேன். எல்லாம் அடிபட்டுப் பலகை வெறுமையாக நின்றது. "மேலயும் அடிச்சாச்சு, கீழயும் அடிச்சாச்சு. பலகையில ஒன்னுமே இல்ல. நீங்க வந்து ஒன்னுன்னு எழுதுறீங்க" என்றார். பரீட்சையில் அப்படி ஒரு கேள்வி வந்தால் விட்டுவிட்டு வருவேனே தவிர, தெரியாததை எழுதமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு அது ஒரு கௌரவப் பிரச்சினை மாதிரி ஆகிவிட்டது. சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிடித்த வழியிலேயே போனால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. அன்று சாயங்காலம் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காலிக் கட்டங்கள் வைத்துக் கணக்கு எழுதினேன். எல்லாவற்றிலும் இடது பக்கம் ஐந்தின் அடுக்கு நான்கு, பெருக்கல், ஒரு கட்டம். வலது பக்கம் முதல் வரியில் ஐந்தின் அடுக்கு ஏழு, அடுத்து ஆறு, அடுத்து ஐந்து. கடைசி வரியில் ஐந்தின் அடுக்கு நான்கு.

அக்கா எழுந்து வந்து முதல் கட்டத்தில் ஐந்தின் அடுக்கு மூன்று என்று எழுதினார். அடுத்தது இரண்டு. அடுத்தது ஒன்று. கடைசிக் கட்டத்தின் முன் சாக்பீஸ் நின்றது. பிள்ளைகள், அதில் ஒன்றும் எழுத வேண்டாம், இரண்டு பக்கமும் சமம்தான் என்று கத்தினார்கள்.

"பெருக்கல் போட்டிருக்கே. சும்மா விட ஏலாது" என்றார் அவர். "பூஜ்யம் போட்டா இருக்கிறதும் போயிரும்." தனக்குத்தானே பேசிக்கொள்வது போல இருந்தது. பிறகு கட்டத்துக்குள் மெதுவாக வெறும் ஒன்று என்று எழுதினார். மேலே இருந்த கட்டங்களை மறுபடி பார்த்தார். மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி வரும் அடுக்கு இங்கே பூஜ்யம் என்பதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒன்றுக்குப் பக்கத்திலேயே ஐந்து எழுதி, அதன் தலையில் ஒரு பூஜ்யம் வைத்து, நடுவில் சமக் குறி போட்டார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனவர் அன்று திரும்பி வரவில்லை. மறுநாள் வந்தார். வழக்கம்போல் பின் வரிசையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் ரேவதிக்கு ஒரு வரன் வந்தது. பையனும் அவளும் ஏற்கெனவே பழக்கம் என்பது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ராமநாதபுரத்திலிருந்து வந்து போர்ட் பிளேரில் கடை வைத்த குடும்பம். பையனின் மாமா தட்டோடு வந்து உட்கார்ந்து, பையன் ஷிப்பிங்கில் இருக்கிறான் என்றார்.

"ஷிப்பிங், மத்லப்?" என்றார் அக்கா.

கப்பலில்தான் என்றார் மாமா. கப்பலில் எங்கே என்று கேட்டார் அக்கா. எந்தக் கப்பல், மேல்தளத்திலா கீழ்த்தளத்திலா, நிரந்தரமா இல்லையா? மாமாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பொண்ணு வீட்டுக்காரர்கள் போலீஸ் மாதிரிக் கேள்வி கேட்டால் எப்படி என்று எழுந்துவிட்டார். தட்டில் இருந்த பழத்தைக்கூட அவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். ரேவதி அழுதாள். உன் மத்லப்பால் என் வாழ்க்கை போயிற்று என்று சொல்லிவிட்டு அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். வேலைக்குப் போவாள், வருவாள், சாப்பாட்டைத் தானே போட்டுக்கொள்வாள். அக்கா டியூஷனுக்கு வருவதை நிறுத்தவில்லை, ஆனால் கேள்வி கேட்பது குறைந்துவிட்டது. ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்.

"நான் கேட்டது தப்பா டீச்சர்?"

தப்பில்லை என்றேன்.

சில வாரம் கழித்து அந்தப் பையன் தனியாக வந்தான். நான் அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். வியர்த்திருந்தது.

"அத்த, நான் கப்பல் கிச்சன்ல இருக்கேன். காய் நறுக்குறேன், பாத்திரம் கழுவுறேன். காண்ட்ராக்ட் வேலைதான், எப்ப வேணா நிறுத்தலாம். எங்கப்பாவுக்குக் குடி இருக்கு. போன வருஷம் எனக்கு ஒரு எடம் பேசி நின்னுபோச்சு, அதுக்கும் அவருதான் காரணம். ரேவதிக்கு இதெல்லாம் தெரியும். மாமாவுக்குத்தான் சொல்ல வெக்கம்."

அக்கா அவன் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை. உள்ளே போய் டீ போட்டுக் கொண்டு வந்து கையில் கொடுத்தார்.

"பாத்திரம் கழுவுறதுல என்னப்பா வெக்கம். நானும் இந்த ஊருக்கு வந்த புதுசுல அதான் செஞ்சேன்" என்றார். "உங்க மாமா ஒத்த வார்த்தையில மூடாம இருந்திருந்தா, அன்னைக்கே நிச்சயம் முடிஞ்சிருக்கும்."

கதவுக்குப் பின்னால் நின்ற ரேவதி வெளியே வந்து, டம்ளரில் சர்க்கரை போதுமா என்று அவனிடம் கேட்டாள். அம்மாவோடு அவள் அன்றும் உடனே பேசிவிடவில்லை. ஆனால் அன்று தாயும் மகளும் ஒரே தட்டில் மீனை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். முருகன் கோயிலில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. மாமாவும் வந்திருந்தார். பந்தியில் அக்கா அவருக்குத் தன் கையாலேயே பாயசம் ஊற்றினார்.

இரண்டாவது தடவை எழுதிய பரீட்சையில் அக்கா பாஸ் செய்துவிட்டார். பெரிய மார்க் ஒன்றும் இல்லை. ரேவதிதான் ஃபோனில் ரிசல்ட் பார்த்து மாடிக்கு ஓடி வந்து சொன்னாள். அக்கா பின்னாலேயே வந்து, ஜாதிக்காய்த் தோல் ஊறுகாய் ஒரு பாட்டில் என் மேஜையில் வைத்துவிட்டு, பின் வரிசையில் தன் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தார். இனி வர வேண்டிய அவசியமில்லையே என்றதற்கு, பாதியில் விட்ட பாடம் முடியட்டும் என்றார். அந்த வருஷம் முடிகிறவரை வந்தார்.

வேலை நிரந்தரமாக அதற்கு மேலும் நாள் பிடித்தது. ஆர்டர் வந்தபோது கார் நிக்கோபார் தீவில் ஓர் ஆபீசில் போஸ்டிங் போட்டிருந்தார்கள். அவர் போவார் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பக்கத்துத் தீவுகளின் பெயரைச் சொன்னாலே பேச்சை மாற்றுகிறவர் அவர். ஆனால் போனார். அதே சமயம் என் கணவருக்கும் மாற்றல் வந்து நாங்கள் மெயின்லேண்டுக்கு வந்துவிட்டோம். எப்போதாவது அக்கா ஃபோன் செய்வார். அங்கே லைன் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் பாதிப் பேச்சு கடல் காற்றில் போய்விடும். ரேவதிக்கு ஆண் குழந்தை பிறந்ததை அப்படித்தான் விட்டு விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன மழைக்கு முன்னால் ஒருநாள் பகலில் கூப்பிட்டார். அன்று குரல் அதிசயமாகத் தெளிவாக இருந்தது.

"கச்சாலுக்குப் போய்ட்டு வந்தேன் டீச்சர்."

நான் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டேன். லீவு போட்டுவிட்டு, கப்பல் ஏறி, தனியாகப் போயிருக்கிறார். பழைய வீடுகள் இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறதாம். ஜனங்கள் மேட்டுக்குப் போய்விட்டார்களாம். ரப்பர் மரங்கள் வெட்ட ஆளில்லாமல் காடாக நிற்கின்றனவாம். முகாமிலிருந்து அங்கேயே திரும்பிப் போய்விட்டிருந்த அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன் வீட்டை விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். அவருக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் போர்ட் பிளேரில். கண்ணில் புரை விழுந்து சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் இவரை அடையாளம் கண்டாராம். கண்டதும் அழுதாராம்.

"உக்காரும்மா, இனிமேயும் மறைச்சு என்ன செய்யப் போறேன், எல்லாத்தயும் சொல்லிர்றேன்னாரு. அன்னைக்குக் காலையில நாங்க ரெண்டு பேரும்னு ஆரம்பிச்சாரு. கையில தண்ணி டம்ளரு. அது ஆடி ஆடி மடியெல்லாம் கொட்டுது. அவருக்கு அதுவும் தெரியல."

இத்தனை வருஷம் அவர் காத்திருந்தது இதற்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன். "என்னக்கா சொன்னார்?" என்று கேட்டேன்.

"நான் சொல்ல விடல டீச்சர். அவரு படுற பாட்டப் பாத்ததும், வேணாம்ண்ணே, போதும்னுட்டேன்."



"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"வீட்டுல மீன் வாங்கி வச்சிருந்தாரு. கழுவி, கொழம்பு வச்சு, சோறாக்குனேன். ரெண்டு பேரும் சாப்பிட்டோம். அவருக்குத்தான் கண்ணு தெரியலையே, பக்கத்துல உக்காந்து முள்ளெடுத்துக் குடுத்தேன்."